மைனஸ் மூன்று

பரமசிவன் வெடிமருந்து ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற நான்காம் நாளே அவருடைய மனைவி அருக்காணி அவரைச் சமூக சேவைக்கு அனுப்பிவைத்தாள். முந்தைய மூன்று நாளும் அவர் வீட்டில் இருந்ததுதான் காரணம். அந்த மூன்று நாளில் அடுக்களையில் இருந்த டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் போட்டு, கடுகுக்கு ஒரு சீட்டு, சீரகத்துக்கு ஒரு சீட்டு என்று ஒட்டி, மிளகாய்த்தூள் எடுப்பவர் கையெழுத்துப் போட ஒரு நோட்டையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர்ஸில் இருந்த மனிதர், வேறென்ன செய்வார்?

"ஏனுங்க, ஊருக்கு எதாச்சும் நல்லது பண்ணுங்க. ஊட்டுக்குப் பண்ணுன வரைக்கும் போதும்" என்றாள் அருக்காணி.

ஊட்டி காந்தலில் அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் குளிர்மலைக் கருணை அறக்கட்டளையின் அலுவலகம் இருந்தது. அங்கே செயலாளர் பதவி காலியாக இருந்தது. அறக்கட்டளையில் வேலை செய்ய வேண்டிய ஒரே பதவி அதுதான் என்பதால் அது அடிக்கடி காலியாகும். பரமசிவனுக்கு அது தெரியாது. தன் தகுதியைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று நம்பி, பெயரும் பதவியும் போட்ட கார்டு இருநூறு அச்சடித்து, ஒரு கோட்டும் தைத்துக்கொண்டார். கார்டில் நூற்றுத் தொண்ணூறு இன்னமும் வீட்டில் இருக்கிறது. பத்து அருக்காணியின் உறவினர்களிடம் இருக்கிறது.

கூடவே இன்னொன்றும் அச்சடித்தார். ஃபேக்டரியில் ஓர் ஆணி வெளியே போக வேண்டுமென்றாலும் கேட் பாஸ் வேண்டும். அதில் இரண்டு கட்டம் இருக்கும்: 'திரும்பி வருவது', 'திரும்பி வராதது'. எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது என்று பார்க்காமல் எந்த வாட்ச்மேனும் கேட்டைத் திறக்க மாட்டார். ஒரு நிறுவனம் என்றால் கேட் பாஸ் இல்லாமல் எப்படி என்று கவலைப்பட்டு, பரமசிவன் சொந்தச் செலவில் ஐம்பது பாஸ் கொண்ட புத்தகம் ஒன்று தயாரித்தார். கையெழுத்து அதிகாரம் செயலாளருக்கு. அறக்கட்டளையில் கேட்டே இல்லை என்று கமிட்டி சிரித்தது; சிரித்தபடியே தீர்மானமும் போட்டது. ஒன்றரை வருடத்தில் கிழிந்தவை இரண்டே பாஸ். இரண்டும் கல்யாணத்துக்கு இரவல் போன நாற்காலிகளுக்காக. நாற்காலிகள் திரும்பி வந்துவிட்டன.

இப்படிப் போய்க்கொண்டிருந்த போதுதான் டிசம்பர் மாதக் கமிட்டிக் கூட்டத்துக்குப் பொன்னாயி வந்தாள்.

பொன்னாயி கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறைக்கு அதுதான் பெயர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களோடு அந்தப் பெயரையும் கொண்டுவந்திருந்தன. நவம்பர் மழையில் அந்தக் காம்பராவின் கூரை காற்றோடு போய்விட்டது. எஸ்டேட் கைமாறி வழக்கில் கிடந்தது. கூரை யார் செலவு என்பதும் அந்த வழக்கில் பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

"ஐயா, பதினாலு பிள்ளைங்க இருக்குதுங்க. மேல தார்ப்பாய் கட்டியிருக்கோம். விடிஞ்சா பனி சொட்டுது, படுக்க வைக்க ஏலாதுங்க" என்றாள் பொன்னாயி, வாசலில் நின்றபடியே. "மார்ச்சு முடியறதுக்குள்ள கூரை போடலேன்னா காம்பராவப் பூட்டிருவோம்னு ஆபீசுல சொல்லிட்டாங்க. பூட்டிட்டா தாய்மாருங்க என்னா செய்வாங்க? வேலைக்குப் போகாட்டி நோட்டுல பேரு விழாது, பேரு விழாட்டி சம்பளம் இல்ல."

"எவ்வளவு வேணும்மா?" என்று கேட்டார் தலைவர் ஸ்ரீநிவாசன்.

"காசு வேணாமுங்க. தகரம் வேணும். பத்தடித் தகரம், பதினாறு. ஏறி அடிக்க எங்க லயத்து வீடுகள்ல ஆளு இருக்கு."

பரமசிவன் கோப்பில் எழுதிக்கொண்டார்: தகரம், பத்தடி, 16 எண்ணம். அவருடைய முப்பத்து நான்கு வருட சர்வீஸில் பெரிய இன்ஜினீயர்கள்கூட வேண்டிய சரக்குக்கு இத்தனை தெளிவாக இண்டெண்ட் எழுதிக் கொடுத்ததில்லை. அந்த அம்மாள் மேல் அவருக்கு உடனே மரியாதை வந்துவிட்டது.

தலைவர் எழுந்து நின்றார். ஒரு தேயிலைக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேர் இருந்தாலும் எழுந்து நின்றுதான் பேசுவார். "அம்மா, நீங்க தகரம் கேக்கறீங்க. ஆனா உங்களுக்குத் தேவை தகரம் இல்லை. உங்களுக்குத் தேவை ஒரு இயக்கம்" என்றார்.

கமிட்டி கைதட்டியது. முதலில் தட்டியது யார் என்று பரமசிவன் பிற்பாடு பல நாள் யோசித்துப் பார்த்தார். அவரேதான்.

"சரிங்கய்யா" என்றாள் பொன்னாயி. "அது எத்தனை அடி வரும்?"

தகரம் பதினாறுக்கு அறுபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்று பரமசிவன் கணக்குப் போட்டுச் சொன்னார். அறக்கட்டளையின் பெயரில் பேங்கில் வைப்புநிதி இருப்பதையும் பணிவோடு நினைவூட்டினார். தலைவர் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். வைப்புநிதியை நிதி திரட்டுவதற்காகத் தொடலாம்; உதவி செய்வதற்காகத் தொடக் கூடாது. அதனால் நிதி திரட்டுவது என்று முடிவாயிற்று.

அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து ஜீவிதா என்ற பெண் வரவழைக்கப்பட்டாள். வயது முப்பது இருக்கும். பிரச்சாரம் வகுத்துக் கொடுப்பது தொழில். கெட்ட பெண் அல்ல. நம்பிக்கையோடு பேசினாள், அவ்வளவுதான். "சார், அறுபதாயிரம் கேட்டா யாரும் தர மாட்டாங்க. சின்ன அமவுன்ட், டோனருக்கு ஃபீலே வராது. இருபத்தஞ்சு லட்சம் கேப்போம். பதினாலு குழந்தைன்னா கேஸ். மலை முழுக்கக் குழந்தைங்கன்னா அது காஸ், பெரிய லட்சியம்" என்றாள். பரமசிவனுக்கு இரண்டு சொல்லும் ஒன்றாகவே காதில் விழுந்தது. கேட்டால் கூட்டம் நீளும் என்று தலையாட்டினார்.

மறுவாரம் படமெடுக்கப் போனார்கள். பொன்னாயி கல்யாணத்துக்குக் கட்டுகிற ஊதாப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பதினாலு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, எண்ணெய் வைத்து வகிடெடுத்திருந்தாள். ஜீவிதாவுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. "அம்மா, இவ்வளவு நீட்டா இருந்தா எப்படி? கொஞ்சம் ரியலா வேணும்."

"அழுக்கா வரச் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டாள் பொன்னாயி. "போட்டோ புடிக்க வாராங்கன்னா யாராச்சும் பிள்ளைய அழுக்கா காட்டுவாங்களா? உங்க வீட்டுல அப்பிடியா எடுக்கிறது?"

கடைசியில் தார்ப்பாயை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். திரும்பும் வழியெல்லாம் பரமசிவன் தன் கோட்டை மடித்து மடியிலேயே வைத்திருந்தார்.

பிரச்சாரத்தின் உயிர்நாடி என்று ஜீவிதா சொன்னது தர்மாமீட்டர் போர்டு. மேல்நாட்டில் எல்லா நிதி திரட்டலிலும் அப்படித்தானாம். பெரிய தர்மாமீட்டர் ஒன்று வரைந்து நடு ஊரில் நிறுத்த வேண்டும். அடியில் பூஜ்யம், உச்சியில் இருபத்தைந்து. ஒரு லட்சம் சேர்ந்தால் சிவப்புக் கோடு ஓர் அளவு ஏறும். ஏறுவதைப் பார்க்கப் பார்க்க மக்களுக்குக் கொடுக்கத் தோன்றும். தலைவருக்கு யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. தன் படத்தையும் தர்மாமீட்டரின் உச்சியில், பாதரசம் வந்து தொடவேண்டிய இடத்தில் வைக்கச் சொன்னார்.

ஊட்டியின் நடுவே சேரிங் கிராஸுக்குப் பக்கத்தில் அறக்கட்டளை உறுப்பினர் ஒருவருக்குச் சொந்தமான காலி மனையில், இருபதடி உயரத்தில், இரண்டு சாலையிலிருந்தும் தெரியும்படி இரண்டு பக்கமும் போர்டு எழுந்தது. சாதாரணத் தட்டைத் தகரம் ஊட்டிக் காற்றுக்குப் படபடக்கும் என்று கூரைக்குப் போடுகிற வரித் தகரத்தையே அடித்தார் போர்டு செய்தவர். பில் வந்தது. பரமசிவன் சரிபார்த்துக் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்த்தார். சரிபார்த்தார் என்றால் கூட்டல் சரியா என்று பார்த்தார். மேலே எழுதியிருந்ததை அவர் அப்போது படிக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் தொடக்க விழா நடந்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு, ஏற்புரை, நன்றியுரை. மேடையில் இருந்தவர்கள் கீழே இருந்தவர்களைவிட மூன்று பேர் அதிகம். சிவப்புக் கோடு பூஜ்யத்தில் பளபளவென்று நின்றது.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சேலத்துக் குடும்பம் ஒன்று போர்டுக்கு முன்னால் வேனை நிறுத்தியது. குடும்பத் தலைவர் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தார். "அடேங்கப்பா! ஜீரோ டிகிரிடா!" என்றார். எல்லாரும் இறங்கி, பற்கள் கிட்டிக்க, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு படமெடுத்தார்கள். எதிரே ஸ்வெட்டர் கடை வைத்திருந்த பாபுவிடம் ஆளுக்கொரு குல்லாயும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஜனவரியில் ஊட்டிக்கு வருகிற யாரும் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். உள்ளூர்ச் செய்தியாளர் சில்வஸ்டருக்கும் வருடா வருடம் உறைபனிச் செய்தி போட்டாக வேண்டிய கட்டாயம் இருந்தது. விடியற்காலையில் எழுந்து அவலாஞ்சிவரை போய்ப் புல்லில் படிந்த பனியைப் படமெடுப்பதைவிட, எட்டு மணிக்கு எழுந்து போர்டைப் படமெடுப்பது சுலபம். 'நடுங்குது நீலகிரி, ஜீரோவைத் தொட்டது ஊட்டி' என்று அன்று மாலையே செய்தி போயிற்று.

பரமசிவன் விழுந்தடித்துக்கொண்டு சில்வஸ்டரிடம் போனார். "தம்பி, அது குளிர் இல்லீங்க. நன்கொடை. யாரும் ஒண்ணும் தரலீங்க, அதான் ஜீரோ."

"சார், அதச் செய்தியாப் போட்டா யாரு படிப்பா?" என்று நியாயமாகக் கேட்டார் சில்வஸ்டர்.

கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. போர்டின் அடியில் உண்டியல் இருந்தது. அதை என்னவென்று கேட்டவர்களிடம் பார்க்கிங் கட்டணம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு யாரும் அதன் பக்கமே போகவில்லை. பரமசிவன் தினமும் காலையில் போர்டுக்குக் கீழே நின்று, வருகிறவர்களிடம் பிள்ளைக் காம்பராவைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். கோட்டுப் போட்டிருந்ததால் அவரை வழிகாட்டி என்று நினைத்து தொட்டபெட்டாவுக்கு வழி கேட்டார்கள். வழியையும் சொன்னார். நன்றாகவே சொன்னார் என்று இரண்டு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தார்கள். அதை உண்டியலில் போட்டார். பிப்ரவரி முதல் வாரம்வரை உண்டியலில் விழுந்தது அந்த இருபது ரூபாய்தான்.

அருக்காணி சாப்பாடு பரிமாறும்போதெல்லாம், "இன்னைக்கு எத்தன டிகிரிங்க?" என்று கேட்பாள். அவர் குனிந்து சாப்பிடுவார்.

பிப்ரவரிக் கூட்டத்தில் பரமசிவன் ஒரு தவறு செய்தார். உண்மையைச் சொன்னார். ஸ்டோர்ஸ் பழக்கம், இருப்பு குறைந்தால் சொல்லியாக வேண்டும். "தலைவரே, போர்டு பூஜ்யம் காட்டறது சரியில்லீங்க. ஜீவிதா ஃபீஸு, போர்டு, விழான்னு வைப்புநிதில இருந்து மூணு லட்சம் போயிருக்குது. வந்தது இருவது ரூவா. அப்பப் பாத்தா நாம பூஜ்யத்துக்கும் கீழ மூணுல நிக்கறமுங்க." இதைக் கேட்டால் தலைவர் பதறிப்போய் பிரச்சாரத்தை நிறுத்திவிடுவார் என்பது அவர் கணக்கு.

தலைவர் கண் கலங்கினார். எழுந்தார். "நண்பர்களே, இந்த நாட்டில் எத்தனை அமைப்பு தன் தோல்வியை நடுத் தெருவில் எழுதி வைத்திருக்கிறது? திரட்டியதைச் சொல்ல எவனாலும் முடியும். தொலைத்ததைச் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். அந்த நெஞ்சுரம் நமக்கு இருக்கிறது. ஏனென்றால் தொலைத்தது நம்முடைய சொந்தப் பணம் இல்லை!" என்றார். பலத்த கைதட்டல். வெளிப்படைத்தன்மையை முன்னிட்டு போர்டில் பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் மூன்று வரை எழுதி, சிவப்புக் கோட்டை அங்கே இறக்குவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இந்தத் தடவை பரமசிவன் கைதட்டவில்லை. ஆனால் தீர்மானத்தை அழகான கையெழுத்தில் எழுதியது அவர்தான்.

ஊட்டி மைனஸ் மூன்று! இரண்டே நாளில் செய்தி மாநிலம் பூராவும் பரவியது. பஸ் பஸ்ஸாக வந்தார்கள். உண்மையில் அன்று ஏழு டிகிரி என்று வானிலைக்காரர்கள் அறிக்கை விட்டார்கள். யாரும் நம்பவில்லை, அவர்களிடம் அத்தனை பெரிய போர்டு இல்லை. மார்ச் பிறந்து சமவெளியில் வெயில் கொளுத்தத் தொடங்கியதும் கூட்டம் இன்னும் கூடியது. உச்சி வெயிலில் போர்டுக்குக் கீழே வேர்க்க வேர்க்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கினார்கள். ஒருநாள் பரமசிவனுக்கும் அங்கே நிற்கையில் குளிர் எடுத்தது. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்ட பிறகுதான் தன்னையே வைதுகொண்டார்.

மார்ச் இரண்டாம் வாரம் பாபுவும் இன்னும் நான்கு கடைக்காரர்களும் அறக்கட்டளைக்கு வந்தார்கள். கையில் ஒரு கவர்.

"ஏனுங்க, ஒரு லட்சம் இருக்குதுங்க. கடைக்காரங்க எல்லாம் சேந்து போட்டது" என்றார் பாபு.

பரமசிவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பதினாறு தகரம் கண்ணெதிரே அடுக்கடுக்காகத் தெரிந்தது. ரசீதுப் புத்தகத்தைத் தேடினார்.

"ஆனா ஒண்ணுங்க" என்றார் பாபு. "இத போர்டுல ஏத்தப்படாது. கோடு மேல வந்துச்சுன்னா எங்க பொழப்புல மண்ணுங்க. மைனஸ் மூணு அப்படியே இருக்கோணும். முடிஞ்சா நாலாக்குங்க."

ஜீவிதாவிடம் போனில் கேட்டார்கள். போர்டில் ஏறாத பணம் பிரச்சாரப் பணம் ஆகாது, பிரச்சாரப் பணம் அல்லாததைக் கூரைக்குச் செலவழித்தால் கணக்கில் இடிக்கும் என்றாள் அவள். தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வேறு தலைப்பில்லாத பணம் விழிப்புணர்வுத் தலைப்பில் சேரும். ஆகவே அந்த ஒரு லட்சத்தில் போர்டுக்கு விளக்கு போடுவது என்று முடிவாயிற்று.

அன்று மதியம் சாப்பிடும்போது அருக்காணி வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. விளக்கு விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "பச்சப் புள்ளைங்க மேல பனி சொட்டுது. நீங்க போர்டுக்கு லைட்டுப் போடறீங்களாக்கும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. தனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதை அவர் அன்றுதான் தனக்குத்தானே ஒப்புக்கொண்டார்.

மார்ச் இருபத்தாறாம் தேதி பொன்னாயி போன் செய்தாள். "ஐயா, பூட்டு வாங்கிட்டாங்கய்யா. ஆபீசுல மேசை மேல வச்சிருக்காங்க. அந்த இயக்கம் எப்ப வரும்?"

பரமசிவன் அலுவலகத்துக்குப் போய்க் கோப்பை எடுத்தார். ராஜினாமாக் கடிதம் எழுதலாம், அதற்கு முன் கோப்பைச் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும் என்று தோன்றியது. முதல் பக்கத்திலிருந்து படித்தார். நான்காம் பக்கத்தில் பொன்னாயியின் இண்டெண்ட்: தகரம், பத்தடி, 16 எண்ணம். ஒன்பதாம் பக்கத்தில் போர்டு பில்: வரித் தகரம், பத்தடி, ஒரு பக்கத்துக்கு எட்டு வீதம் இரண்டு பக்கத்துக்கு, 16 எண்ணம்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று மாதமாகக் கேட்ட சரக்கு ஸ்டோர்ஸிலேயே இருந்திருக்கிறது! ஸ்டோர்கீப்பர்தான் பார்க்கவில்லை. முப்பத்து நான்கு வருட சர்வீஸுக்கு இதைவிட ஓர் அவமானம் வேண்டியதில்லை.

கேட் பாஸ் புத்தகத்தைத் திறந்து மூன்றாவது பாஸை எழுதினார். பொருள்: வரித் தகரம், 16. அனுப்பும் இடம்: பிள்ளைக் காம்பரா. நோக்கம் என்ற இடத்தில் சற்று யோசித்து, 'இயக்கம்' என்று எழுதினார். இரண்டு கட்டங்களுக்கு வந்தபோது பேனா நிற்கவேயில்லை. 'திரும்பி வராதது' என்பதில் டிக் போட்டார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, காந்தலிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றுகிற சங்கிலி என்பவரின் பிக்கப் வண்டி போர்டின் கீழே வந்து நின்றது. கூடவே ஏணியோடு இரண்டு ஆட்கள். பரமசிவன் கோட்டுப் போட்டு, கையில் அட்டையில் செருகிய பாஸோடு நின்றார். பட்டப்பகலில் கோட்டும் காகிதமுமாக நிற்கிற மனிதனை ஊட்டியில் யாரும் எதுவும் கேட்பதில்லை. போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து பாஸை வாங்கிப் பார்த்தார். சீல் இருந்தது. வண்டி திரும்ப வசதியாக இரண்டு பக்கமும் வாகனங்களை நிறுத்திக் கொடுத்தார். சுற்றுலா வந்தவர்கள் தகரம் இறங்குவதையும் படமெடுத்தார்கள். பாபுதான் ஓடிவந்தார்.

"ஏனுங்க, என்னத்துக்குங்க கழட்டறீங்க?"

"சர்வீஸுக்குப் போகுதுங்க" என்றார் பரமசிவன். அது பொய்யில்லை.

"எப்பத் திரும்பி வரும்?"

பரமசிவன் பாஸைக் காட்டினார். பாபு டிக்கைப் பார்த்தாரோ என்னவோ, தலையைச் சொறிந்துகொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அன்று மாலைக்குள் லயத்து ஆட்கள் கூரையை அடித்து முடித்தார்கள். வண்ணம் பூசிய பக்கம் உள்ளே வரும்படி அடித்தார்கள். வெளிப்பக்கம் மழை பட்டால் வண்ணம் போய்விடும் என்று பொன்னாயி சொல்லிவிட்டாள். தகரம் இடம் மாறி மாறி வந்ததால் தர்மாமீட்டர் துண்டு துண்டாகிப் போயிருந்தது. ஒரு மூலையில் இருபத்தைந்து, நடுவில் மைனஸ் மூன்று, கதவுக்கு மேலே தலைவரின் ஒரு காது. பிள்ளைகள் மல்லாந்து படுத்துச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தன.

பொன்னாயி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நல்ல கனத்த தகரமுங்கய்யா. உங்க இயக்கம் லேட்டாத்தான் வந்துச்சு, ஆனா நல்லா வந்திருக்கு" என்றாள். பரமசிவன் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான், அதையும் நிறுவனத்துக்கு எதிராகச் செய்ய வேண்டியிருந்தது.

மறுநாள் அவசரக் கூட்டம். போர்டைக் காணோம் என்று சில்வஸ்டர் அதற்குள் செய்தி போட்டுவிட்டார். 'ஊட்டியின் குளிர் திருட்டு.' கமிட்டி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. ஜீவிதாவும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

பரமசிவன் எழுந்து நின்றார். இருப்பு குறைந்தால் சொல்லியாக வேண்டும். "போர்ட எடுத்தது நான்தானுங்க" என்றார்.

தலைவர் மெல்ல எழுந்து வந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டார். "பார்த்தீர்களா நண்பர்களே! எவனோ திருடியதற்குத் தன் தலையைக் கொடுக்கிறார் நம் செயலாளர். இதற்குப் பெயர்தான் தார்மீகப் பொறுப்பு!"

"இல்லீங்க, நெசமாலுமே நான்தான். கேட் பாஸு இருக்குதுங்க" என்று பரமசிவன் பாஸின் நகலை நீட்டினார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கி, எந்தக் காகிதத்தை நீட்டினாலும் செய்வதுபோல, 'கண்டேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கமிட்டி எழுந்து நின்று கைதட்டியது. ஜீவிதா மட்டும் அந்தக் காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளும் எழுந்து கைதட்டினாள்.

அதன் பிறகு நடந்ததை இன்றும் பரமசிவனால் நம்ப முடியவில்லை. பூஜ்யத்துக்குத் தராதவர்கள், மைனஸ் மூன்றுக்குத் தராதவர்கள், போர்டு காணாமல் போனதற்குத் தந்தார்கள். அந்தப் போர்டின் கீழே படமெடுத்துக்கொண்ட அத்தனை குடும்பமும் மனம் உடைந்துபோய்ப் பணம் அனுப்பியது. பாபு தலைமையில் கடைக்காரர்கள் தனியாக ஒரு தொகை கொடுத்தார்கள். ஒன்பதே நாளில் இருபத்தைந்து லட்சம் தாண்டியது. எல்லாமே புதுப் போர்டு செய்வதற்கு என்று எழுதி வந்த பணம். வேறெதற்கும் தொட முடியாது என்று விதிப் புத்தகம் சொன்னது.

வெற்றி விழாவில் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். பிரச்சாரம் என்பது கொடுக்க வைப்பதல்ல, இழக்க வைப்பது என்று அவர் சொன்னதை எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். பரமசிவனுக்குச் சால்வை போட்டார்கள். அருக்காணி முன்வரிசையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாள் என்று அவருக்கு மட்டும் தெரிந்தது.

விழா முடிந்ததும் ஜீவிதா நோட்டோடு வந்தாள். "சார், புதுப் போர்டுக்கு அளவு சொல்லணும். அதே பத்தடித் தகரம் பதினாறுதானா?"

பரமசிவன் யோசிப்பதுபோலக் கொஞ்சம் மேலே பார்த்தார். அன்று காலைதான் பொன்னாயி போனில் பேசியிருந்தாள். எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் இன்னொரு பிள்ளைக் காம்பரா இருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள், கூரை இத்துப்போய் வானம் தெரிகிறது.

"பன்னெண்டடியாப் போட்ருங்கம்மா" என்றார். "இருவத்தாறு தகரம். கழட்டறதுக்குத் தோதா போல்ட்டு வச்சு."

ஜீவிதா எழுதிக்கொண்டாள். போல்ட் என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள்.

பரமசிவன் அலுவலகத்துக்குப் போய் மேசை இழுப்பறையைத் திறந்து எண்ணிப் பார்த்தார். கேட் பாஸ் இன்னும் நாற்பத்தேழு இருந்தது.